கண்ணாடியில் ஒட்டிய வழிகாட்டி

காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கும் ஜிபிஎஸ் வழிகாட்டிப் பெட்டிக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடிக்கும் வாங்கி ஒன்று, சாலை வரைபடம் இன்னொன்று. இரண்டையும் பொருத்திப் பார்த்து ‘அடுத்த இடப்பக்கம் திரும்புங்கள்’ என்று சொல்லும் மென்பொருள் மூன்றாவது. சிங்கப்பூரில் இதை வைத்து ஓட்டியவர்கள் பாராட்டியதும் திட்டியதும் பெரும்பாலும் வரைபடத்தைத்தான். வானத்திலிருந்து வரும் கணக்கு பிசகுவது குறைவு. தரையில் சாலைகள்தான் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருந்தன.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது, 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. பூமிக்கு ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் தன்னுள் இருக்கும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒளியின் வேகத்தில் வந்தும் அந்தச் செய்தி தரையை எட்ட ஒரு நொடியில் சுமார் 15இல் ஒரு பங்கு நேரம் ஆகிவிடுகிறது. தாமதத்தை அளந்தால் தூரம் தெரியும். நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் இடமும் உயரமும் சரியான நேரமும் கிடைத்துவிடும். மைக்ரோ நொடி ஒன்று பிசகினாலே 300 மீட்டர் தவறும் என்பதால் எல்லாமே கடிகாரத்தின் துல்லியத்தில் நிற்கிறது.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து அனுப்பிவந்தது. அப்போது 100 மீட்டர் வரை பிழை வரலாம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் அது என்ன செய்யும் என்று பார்க்கலாம். டன்லப் ஸ்திரீட்டில் நிற்கும் காரை அப்பர் டிக்சன் ரோட்டிலோ அதற்கும் அப்பாலோ அது காட்டிவிடும். நெருங்கி நெருங்கி ஓடும் சிறு தெருக்கள் நிறைந்த ஊருக்கு அப்படிப்பட்ட கருவியால் பயனில்லை. பில் கிளின்டன் அரசு அந்தக் கெடுப்பை நிறுத்தியதும் பிழை பத்து, இருபது மீட்டருக்குள் வந்தது. கார்களுக்கான வழிகாட்டி ஒரு வியாபாரமாக நிலைபெற்றது அதற்குப் பிறகுதான்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் ஜிபிஎஸ்ஸை முதலில் சுமந்தவை டாக்சிகள். 1990களிலேயே பெரிய டாக்சி நிறுவனம் பயணிக்கு அருகில் உள்ள வண்டியைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடித்து அனுப்பத் தொடங்கிவிட்டது. பிறகு நிலப் போக்குவரத்து ஆணையமும் டாக்சிகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்தே எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்லிவந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் வண்டி எங்கே இருக்கிறது என்பதைத் தலைமையகத்துக்குச் சொன்னவை. ஓட்டுநருக்கு வழி சொன்னவை அல்ல. வழிக்கு அவர் நம்பியது தன் நினைவையும், கதவுப் பையில் செருகியிருந்த தடித்த சாலைக் கையேட்டையும்தான்.

1989இல் கேரி பரலும் மின் காவும் தொடங்கிய கார்மின் நிறுவனம் 2005இல் நூவி வரிசையைக் கொண்டுவந்தது. சட்டைப் பையில் அடங்கும் தட்டையான உடல், விரலால் தொடும் திரை, பெட்டியைப் பிரித்ததும் வேலை செய்யும்படி உள்ளேயே ஏற்றிய வரைபடம். நெதர்லாந்தின் டாம்டாம், தைவானின் மியோ, பாப்பாகோ என்று போட்டியாளர்களும் சேர்ந்தார்கள். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் நிற்கும் சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கி விலை பேசி வாங்குவது ஒரு வகை. பேரம் பேசத் தெம்பில்லாதவர்கள் சையது அல்வி ரோட்டில் முஸ்தபா சென்டரில் ஒட்டியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். சில நூறு வெள்ளிதான். காரை வாங்கும் உரிமைக்கான சிஓஇ சான்றிதழுக்கே பல்லாயிரம் வெள்ளி கட்டும் ஊரில் அது பெரிய தொகை இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. சிஓஇ பத்து ஆண்டுக்குத்தான். காலக்கெடு முடிந்து காரைக் கழிக்கும்போது அதற்குள்ளேயே பதித்த வழிகாட்டியும் கூடவே போய்விடும். கழற்றி எடுக்கும் பெட்டி அடுத்த காருக்கு மாறிக்கொள்ளும்.

பெட்டியை வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொண்டது, போகும் இடத்தை அதற்கு எப்படிச் சொல்வது என்பதை. இதில் சிங்கப்பூருக்கு வேறு எந்த நாட்டுக்கும் எளிதில் வாய்க்காத வசதி ஒன்று இருந்தது. 1995 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வட்டாரத்துக்கு ஒன்று என்றில்லாமல் கட்டடத்துக்கு ஒன்றாக அமைந்தது. முதல் இரண்டு எண்கள் வட்டாரத்தைக் குறிக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் கடைசி மூன்று எண்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். பஃப்ளோ ரோடு 665ஆம் புளோக்கில் உள்ள தேக்கா நிலையத்தின் குறியீடு 210665. தெருப்பெயர், எழுத்துக்கூட்டல் எதுவும் வேண்டாம், ஆறு எண்ணைத் தட்டினால் போதும். ஆறு எண்ணையும் ஏற்றுக்கொள்ளும் வரைபடம் கொண்ட பெட்டிக்குச் சிங்கப்பூரில் தனி மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

குறியீடு தெரியாதவர் தெருப்பெயரைத் தட்டும்போதுதான் சிக்கல். ‘சிராங்கூன்’ என்று தட்டினால் சிராங்கூன் ரோடு, அப்பர் சிராங்கூன் ரோடு, சிராங்கூன் சென்ட்ரல், சிராங்கூன் கார்டன் வே, சிராங்கூன் நார்த்தின் அவென்யூக்கள் என்று பட்டியல் நீளும். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டவர் அவசரத்தில் பட்டியலின் தவறான வரியைத் தொட்டால் பல கிலோமீட்டர் தள்ளி, வேறொரு வட்டாரத்தின் கடைத்தொகுதி வாசலில் ‘சேருமிடம் வந்துவிட்டது’ என்ற குரலைக் கேட்பார். ஃபேரர் பார்க்குக்குப் போக வேண்டியவரை ஃபேரர் ரோடு ஹாலந்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலும் சேர்ந்து சோதிக்கும். ஹிண்டூ ரோட்டை இன்றைய முறையில் எழுதித் தேடினால் அகப்படாது, கடைசியில் இரண்டு ‘ஓ’ போட வேண்டும். வெளிநாட்டில் தயாரான ஆங்கிலக் குரல் ‘வீராசாமி’யையும் ‘ஜாலான் புசா’ரையும் உச்சரித்த விதம் பல குடும்பங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. திருப்பத்தைச் சரியாகச் சொல்லும் வரைக்கும் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அஞ்சல் குறியீடும் முழுத் தீர்வு இல்லை. அது கட்டடத்தைக் காட்டும், வாசலைக் காட்டாது. ஒரு புளோக் ஒரு சாலையைப் பார்த்திருக்க, அதன் கார்நிறுத்துமிடத்துக்குள் நுழையும் வழி பின்னால் வேறொரு சாலையில் இருக்கும். வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பெட்டி தன் கடமை முடிந்ததாக அறிவிக்கும். உள்ளே போவது எப்படி என்று அங்கே நடந்து போகிறவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

உரிமையாளர்களிடம் அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார், பெட்டி ‘எழுந்திருக்க’ எடுத்துக்கொள்ளும் நேரம். இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கோளும் தான் எந்தப் பாதையில் போகிறது என்ற விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சில மணி நேரத்தில் அந்த விவரம் பழசாகிவிடும். நேற்று அணைத்து வைத்த பெட்டி இன்று எழும்போது எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு கட்டடம் மறைத்து ஒரு துண்டு தவறிப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாக் கோள்களின் நிலையையும் சொல்லும் பொதுப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பெட்டி நெடுநேரம் விழிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த முப்பது நொடியின் விலை என்ன என்பதை லிட்டில் இந்தியாவில் காரை நிலத்தடியில் நிறுத்திவிட்டு வெளியே வருகிறவர்கள் அறிவார்கள். கீழே வானம் தெரியாது, பெட்டிக்கும் ஒன்றும் தெரியாது. சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும் எதிரே சாலை, பின்னால் ஹாரன். இடமா வலமா என்பதை அந்தக் கணமே முடிவுசெய்தாக வேண்டும். திரையிலோ இன்னும் கோள்களைத் தேடும் பட்டைகள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சிராங்கூன் சாலை அந்தப் பகுதியில் ஒருவழிப் பாதை. தேக்கா முனையிலிருந்து வடகிழக்காக மட்டுமே போகலாம். ஊருக்குள் திரும்புகிறவர்களுக்கு இணையாக ஓடும் ஜாலான் புசார் இருக்கிறது. தவறான பக்கம் போய்ச் சேர்ந்தவரைக் கூட்டம் அப்படியே லவண்டர் ஸ்திரீட்வரை தள்ளிக்கொண்டு போகும். பெட்டி அதற்குள் விழித்துக்கொண்டு, நிதானமாகப் புதுக் கணக்கு போட்டு, ஜாலான் புசார் வழியாகத் திரும்பி வரச் சொல்லும். இரண்டு மூன்று முறை பட்டவர்கள் திறந்தவெளியில் காரை நிறுத்திவிட்டே பெட்டியை முடுக்கப் பழகினார்கள். நின்ற இடத்தில் அது கோள்களைப் பிடிப்பதும் சீக்கிரம் நடக்கும்.

மற்றபடி லிட்டில் இந்தியா ஜிபிஎஸ்ஸுக்குப் பகையான இடம் இல்லை. இரண்டு, மூன்று மாடிக் கடைவீடுகளுக்கு மேலே வானம் தாராளமாகத் தெரியும். ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே பக்கம்தான் நிலைமை வேறு. வானுயரக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞையைப் பெட்டி நேரில் வந்ததாக நம்பிவிடும். வந்த பாதை நீண்டதால் தூரமும் நீண்டதாகக் கணக்காகி, நிற்கும் கார் திரையில் பக்கத்துத் தெருவுக்குத் தாவும். மேம்பாலங்களில் வரும் குழப்பம் இன்னொரு மாதிரி. கெப்பல் மேம்பாலத்தில் போகிறதா, அதன் அடியில் கெப்பல் ரோட்டில் போகிறதா என்று மேலிருந்து பார்க்கும் கணக்குக்குத் தெரியாது. உயரத்தை அளப்பதில் ஜிபிஎஸ் எப்போதுமே சற்றுப் பலவீனம். மேலே போகும் ஓட்டுநரிடம், கீழே உள்ள சிக்னலில் வலப்பக்கம் திரும்பச் சொல்லும்.

சுரங்கங்கள் இதைவிடப் பெரிய சோதனை. சிடிஇ விரைவுச்சாலையின் சுரங்கங்கள் 1991இலேயே வந்தவை, நீளமும் குறைவு. 2008 செப்டம்பரில் முழுதாகத் திறந்த கேபிஇ என்கிற காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையின் 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் நிலத்தடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஏழு நிமிடம் வானமே கிடையாது. இடையிடையே வெளியேறும் வழிகள் உண்டு. காரோடு பிறந்த வழிகாட்டிகள் சக்கரம் எத்தனை முறை சுழன்றது, வண்டி எந்தப் பக்கம் வளைந்தது என்று பார்த்து ஒருவாறு ஊகித்துக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டிய பெட்டிக்குச் சக்கரத்தோடு உறவில்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்திலேயே சிறிது தூரம் காரைக் கற்பனையாக ஓட்டிவிட்டு, ‘சமிக்ஞை இல்லை’ என்று கைவிரித்துவிடும். அதனால் கேபிஇக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியின் எண்ணைத் திரையில் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

1998இல் தொடங்கிய இஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம் வெளிநாட்டு மென்பொருளுக்குப் புரியாத விஷயமாகவே நீண்ட காலம் இருந்தது. பெரும்பாலான நாடுகளில் சுங்கச்சாலை என்றால் எந்நேரமும் சுங்கம்தான். ‘சுங்கத்தைத் தவிர்’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இஆர்பி கட்டணமோ அரை மணிக்கு ஒருமுறை மாறும். வண்டியின் வகையைப் பொறுத்து மாறும். பல இடங்களில் நாளின் பெரும்பகுதி கட்டணமே இராது. அந்தப் பொத்தானை நம்பினால் நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் விரைவுச்சாலையை விட்டுவிட்டுச் சந்து சந்தாகச் சுற்ற வைக்கும். நம்பாவிட்டால் காலை எட்டரை மணிக்கு, சிறிது நேரம் பொறுத்தால் குறைந்திருக்கும் கட்டணத்தைக் கட்ட வைக்கும். சிங்கப்பூருக்கென்றே தயாரான வரைபடங்கள் ‘முன்னால் இஆர்பி’ என்று எச்சரிக்கப் பழகியபோது, அதற்காகவே பெட்டியை மாற்றியவர்கள் உண்டு.

திருவிழா நாள்களும் பெட்டியின் கணக்கில் இல்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிகள் போகும் பாதையில் தடங்கள் மூடப்படும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒளியூட்டு பார்க்க வரும் கூட்டத்தில் கார் நடைவேகத்தில் ஊரும். இணையத் தொடர்பு இல்லாத பெட்டிக்கு இரண்டும் தெரிய வழியில்லை. கேம்பல் லேன் இப்போது கார் போகாத நடைவீதி. அதுகூடப் பழைய வரைபடத்தில் குறுக்குவழியாகவே இருக்கும்.

வெப்பத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசவில்லை. வெயிலில் நிறுத்திய காரின் முன்பகுதி கொதிக்கும். உறிஞ்சுக்கிண்ணத்தின் ரப்பர் இளகிப் பிடியை விடும், பாதி வழியில் பெட்டி மடியில் விழும். லித்தியம் மின்கலம் நாளடைவில் உப்பி, திரையை உள்ளிருந்து தள்ளும். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து ஒட்டுவது, இறங்கும்போது கையோடு எடுத்துப் போவது ஆகியவை எல்லாரும் கடைப்பிடித்த வைத்தியங்கள். மின்கலம் ஆதரவுக்குத்தான். நிஜ உயிர் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கம்பியில் இருந்தது. வெயிலுக்கு மறைப்பாக ஒட்டும் வெப்பத்தடைத் தாளும் வம்பு செய்யும். எவ்வளவு ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்குச் சிங்கப்பூரில் விதி இருக்கிறது, முன்கண்ணாடிக்கு 70 விழுக்காடு. ஆனால் ஒளி ஊடுருவினால் ரேடியோ அலையும் ஊடுருவும் என்று சொல்ல முடியாது. உலோகப் பூச்சுள்ள தாளாக இருந்தால், ஏற்கெனவே மிக மெலிந்து வரும் சமிக்ஞை அங்கேயே பாதி செத்துவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் சிலருக்குக் கெட்டிருந்தது பெட்டி அல்ல.

இனி வரைபடம். ஜிபிஎஸ் கணக்கு சொல்வது ஒரு புள்ளியின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும்தான். அந்தப் புள்ளியில் சாலை இருக்கிறது, அது ஒருவழி, வலப்பக்கம் திரும்பக் கூடாது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் நேரில் பார்த்து எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் அந்த யாரோ ஒருவருக்கு ஓய்வே கிடைக்காது. லிட்டில் இந்தியாவை அடுத்த ரோச்சோர் பகுதியில் டௌன்டவுன் ரயில்தடம் கட்டப்பட்டபோது சாலைகள் பலமுறை இடம் மாறின, கால்வாயே திசைதிருப்பப்பட்டது. 2015இல் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்து வடக்கு-தெற்கு விரைவுச்சாலை வழித்தடத்துக்காக வண்ண வண்ணமான ரோச்சோர் சென்டர் புளோக்குகள் காலிசெய்யப்பட்டு இடிக்கப்பட்டன. ஒரு மாதம் போன வழி மறுமாதம் தடுப்புப்பலகைக்குப் பின்னால் இருக்கும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது எம்சிஇ. 2013 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை அன்று மரினா கடலோர விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ஐந்து கிலோமீட்டர் நீளம், அதில் 3.6 கிலோமீட்டர் சுரங்கம், 420 மீட்டர் கடற்படுகைக்கு அடியில். மறுநாள் வேலைக்குப் புறப்பட்டவர்கள் எந்த வழியில் வெளியேறுவது என்று தெரியாமல் திணறி, நெரிசல் நெடுந்தூரம் நீண்டது. பழைய வரைபடம் கொண்ட பெட்டிகளுக்கு இரட்டைத் தண்டனை. எம்சிஇ என்ற சாலை அவற்றுக்குத் தெரியாது, சுரங்கத்தில் சமிக்ஞையும் கிடையாது. அதுவரை ஈசிபி விரைவுச்சாலையாக இருந்து பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தைக் கடந்த பகுதியோ தரமிறங்கி ஷியர்ஸ் அவென்யூ ஆகிவிட்டது. பெட்டி மட்டும் அங்கே இன்னும் விரைவுச்சாலை ஓடுவதாக நம்பிக்கொண்டு ‘நேரே செல்லுங்கள்’ என்று சொல்லும்.

வரைபடத்தைப் புதுப்பிக்கக் கணினியோடு இணைத்து மணிக்கணக்கில் பதிவிறக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. பிறகு பெட்டியோடு ஆயுள்காலப் புதுப்பிப்பையும் சேர்த்து விற்கும் வழக்கம் வந்தது. கட்டணமும் தாமதமும் பொறுக்காத மலேசிய, சிங்கப்பூர் ஆர்வலர்கள் தாங்களே ஒரு வேலை செய்தார்கள். தாங்கள் ஓட்டிய பாதைகளைப் பெட்டியில் பதிவுசெய்து, ஒன்றுசேர்த்து, கார்மின் கருவிகளில் ஏற்றக்கூடிய இலவச வரைபடமாக வெளியிட்டார்கள். மால்சிங்மேப்ஸ் என்ற அந்த வரைபடத்தில் கடை, பெட்ரோல் நிலையம், வேகக் கேமரா எல்லாம் பயனர்களின் கைவண்ணமாகவே சேர்ந்தன. திறந்த பத்தே நாளில் ஒரு புதுச்சாலையைக் கருவியில் காண முடிந்தால், அதன் பின்னால் சம்பளமில்லாத ஒருவர் வார இறுதியில் அங்கே போய் வந்திருக்கிறார் என்று பொருள்.

அந்த வரைபடத்தின் அருமை மலேசியாவுக்கு இட்டுச்செல்லும் காஸ்வேயைத் தாண்டிய பிறகுதான் முழுதாகத் தெரியும். சிங்கப்பூரில் வழி தவறினால் நட்டம் கால் மணி நேரம். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு வெளியேறும் வழியைத் தவறவிட்டால் அடுத்ததுக்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே ஐந்து இலக்க அஞ்சல் எண் ஒரு வட்டாரத்தைத்தான் குறிக்கும், கட்டடத்தைக் காட்டாது. ஜோகூர் பாருவின் கண்ணாடிக் காளி கோயில், பத்துமலை, பினாங்கு என்று பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கிளம்பும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பெட்டி உண்மையிலேயே உதவிய இடம் அதுதான். வெளிநாட்டில் கைப்பேசி இணையத்துக்கு அஞ்ச வேண்டிய கட்டணம் இருந்த காலத்தில், வரைபடம் முழுவதையும் வயிற்றுக்குள் வைத்திருந்த கருவிக்கு இணையமே தேவைப்படவில்லை. சிங்கப்பூர்ப் பதிவுக் கார் எல்லை தாண்டும்போது முக்கால் கலன் பெட்ரோலாவது இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் எந்தப் பெட்டியும் நினைவூட்டவில்லை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் பாதி தூரம் ஊர்ந்த பிறகே அது ஓட்டுநருக்கு நினைவு வரும்.

2009 அக்டோபரில் கூகள் தன் கைப்பேசி வரைபடத்தில் வழிகாட்டும் சேவையை இலவசமாகத் தருவதாக அறிவித்தபோது கார்மின், டாம்டாம் இரண்டின் பங்குவிலையும் கடுமையாகச் சரிந்தது. சில ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கார்க்கண்ணாடிகளில் பெட்டி இருந்த இடத்தைக் கைப்பேசித் தாங்கி பிடித்துக்கொண்டது. கைப்பேசியின் வரைபடம் நேற்றுவரை புதியது, நெரிசலும் தெரியும். எழும் நேரமும் குறைவு, ஏனென்றால் கோள்களின் விவரத்தை 30 நொடி காத்திருந்து வானத்திலிருந்து கேட்காமல் இணையத்தில் நொடியில் வாங்கிக்கொள்கிறது. 2015 பிப்ரவரியில் வந்த சட்டத் திருத்தம் ஓட்டும்போது கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. தாங்கியில் வைத்துப் பார்ப்பதற்குத் தடையில்லை. சுரங்கக் குறையும் பிறகு தீர்ந்தது. சுரங்கச் சுவர்களில் பொருத்திய புளூடூத் அடையாளக் கருவிகளின் உதவியால் கூகள் மேப்ஸும் வேஸும் 2024 முதல் கேபிஇக்குள்ளும் எம்சிஇக்குள்ளும் வழி சொல்கின்றன. பழைய பெட்டிகளுக்கு அந்தக் கருவிகளின் மொழி புரியாது.

வேடிக்கை என்னவென்றால், தனிப்பெட்டியின் காலம் முடிந்த பிறகுதான் சிங்கப்பூரில் எல்லா வண்டிக்கும் செயற்கைக்கோள் பெட்டி வருகிறது. இஆர்பியின் அடுத்த தலைமுறைக்கான ஒப்பந்தம் 2016இல் 556 மில்லியன் வெள்ளிக்கு வழங்கப்பட்டது. பலமுறை தள்ளிப்போன பிறகு 2023 நவம்பரில் வண்டிகளில் ஓபியு எனப்படும் கட்டணக் கருவியைப் பொருத்தும் பணி தொடங்கியது. கார்களுக்கு அது மூன்று துண்டாக வருகிறது. கணக்குப் போடும் பெட்டி ஒன்று, வானலை வாங்கி ஒன்று, தொடுதிரை ஒன்று. ஏன் மூன்று, காலடியில் ஏன் ஒன்று என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். முன்கண்ணாடிக்கு அருகே உள்ள வெப்பம் மின்னணுப் பாகங்களுக்கு ஆகாது என்று ஆணையம் காரணம் சொன்னது. உப்பிய மின்கலத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பழைய ஜிபிஎஸ் உரிமையாளர்களுக்கு அந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. திரை வேண்டாம் என்பவர்கள் அதை விட்டுவிடலாம். கட்டணம், பள்ளி வட்டாரம், வேக வரம்பு, கேமரா ஆகியவற்றைப் பற்றி ஓபியு எச்சரிக்கும். வழி சொல்வது அதன் வேலை இல்லை. அதற்குக் கைப்பேசி பக்கத்திலேயே நிற்கிறது.

பழைய பெட்டிகள் முழுதாக மறையவில்லை. சிங்கப்பூரில் பழையன வாங்கி விற்கும் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டாலும், பயன்படுத்திய நூவியும் மியோவும் இன்னும் சில பத்து வெள்ளிக்குக் கைமாறுகின்றன. மலேசியாவின் உள்பகுதிகளில் கைப்பேசிக் கோபுரம் எட்டாத தோட்டச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள், கைப்பேசியை அழைப்புக்கென்று தனியே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதைத் தேடுகிறார்கள். அப்படி வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பின்மூடி மேடிட்டிருந்தால் மின்கலம் உப்பியிருக்கிறது. திறந்தவெளியில் கால் மணி நேரம் விட்டுவைத்தால்தான் அது கோள்களைப் பிடிக்கும் திறன் தெரியும். பிறகு திரையில் வரும் தேதியைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வாரங்களை 1,024வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது சிங்கப்பூர் நேரப்படி 2019 ஏப்ரல் 7 காலை எட்டு மணி அளவில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் சில அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் உள்ள தேதியைக் காட்டுகின்றன. கடைசியாக வரைபடம். அதன் வயதை அறியப் பெட்டியின் அடியில் அச்சிட்ட ஆண்டைப் பார்க்க வேண்டியதில்லை. மரினாவுக்குத் திரையை நகர்த்தி, எம்சிஇ அங்கே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.